ட்ராவல் நர்ஸ் என்றால் ஊர் சுற்றுகிற வேலையா அக்கா?

பென்னாகரத்துக்காரர். தர்மபுரி அரசு ஆஸ்பத்திரி கேஷுவல்டியில் ஸ்டாஃப் நர்சாகத் தொடங்கியவர், இப்போது அமெரிக்காவில் எமர்ஜென்சி ட்ராவல் நர்ஸ். ஒரு ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருக்கிறார். இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.

பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். ட்ராவல் நர்ஸ் வீடியோக்களைப் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நேராக அந்த வேலைக்குப் போக முடியுமா அக்கா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

முடியாது தங்கச்சி. ஆள் பற்றாக்குறை உள்ள ஆஸ்பத்திரிக்கு ஏஜென்சி வழியாக, பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் போகிறவர்தான் ட்ராவல் நர்ஸ். அங்கே நிரந்தர நர்ஸ் பிரசவ விடுப்பில் இருப்பார், இல்லையென்றால் குளிர்காலக் காய்ச்சல் கூட்டம் அலைமோதும். வேலை கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமிருக்காது. அதனால்தான் எமர்ஜென்சிக்கு ஒன்றிரண்டு வருட அனுபவமாவது கேட்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தடை விசா. அமெரிக்க நர்ஸ் லைசென்சுக்கான என்கிளெக்ஸ் பரீட்சையைப் பெங்களூரிலேயே எழுதலாம், ஒழுங்காகப் படித்தால் பாஸ் ஆகிவிடலாம். அதற்கப்புறம் க்ரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கிற அனுமதி, அதற்கான வரிசை இருக்கிறதே, அதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். நர்ஸ்கள் போகிற இ.பி.-3 பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நான் போன காலம் வேறு. நர்ஸ்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்கும் சேர்த்து 50,000 விசாவை 2005-ல் அமெரிக்கா தனியாக ஒதுக்கியது. அடுத்த வருடமே அது தீர்ந்துவிட்டது. அந்தக் கதவு திறந்திருந்தபோது நுழைந்தவள் நான். அதையெல்லாம் என் சாமர்த்தியம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அப்படிப் போயும் முதல் சில வருடங்கள் அழைத்துப்போன ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தேன். ட்ராவல் எல்லாம் அப்புறம்தான்.

என் மகளை அமெரிக்காவுக்கு ட்ராவல் நர்சாக அனுப்பிவைக்கிறேன் என்று ஓசூரில் ஒருவர் ஆறு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு தகப்பன், பாலக்கோடு

கொடுக்காதீர்கள் அண்ணா. ட்ராவல் நர்ஸ் ஏஜென்சிக்கு ஆஸ்பத்திரிதான் பணம் கொடுக்கும். நர்ஸ் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். நிலத்தை அடமானம் வைக்கிற யோசனையே வேண்டாம்.

நானும் கேஷுவல்டியில்தான் இருக்கிறேன் சிஸ்டர். நம்ம ஊர் அனுபவத்தை அங்கே மதிப்பார்களா? முதல் நாள் எப்படி இருக்கும்?
- ஸ்டாஃப் நர்ஸ், தர்மபுரி

பயோடேட்டாவில் தர்மபுரி என்று இருந்தால் அங்கே யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆனால் கற்ற வேலை கையில் இருக்கும். நான் கேஷுவல்டியில் இருந்தபோது 108 கிடையாது, அது 2008-ல்தான் வந்தது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால், பின்னால் வந்த டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன அடி என்பதெல்லாம் வாசலில் இறக்கும்போதுதான் தெரியும். யாரை முதலில் எடுப்பது என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்யப் பழகியது அங்கேதான். அமெரிக்காவில் அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போடுகிறார்கள். நம்மிடமும் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிப்பது வந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் பழத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். ராத்திரிக்கு ஒரே டாக்டர். தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கிட்டே போனதும் அந்த வாடை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மருந்து குடித்த கேஸ் நமக்குப் புதிதா என்ன? அங்கிருந்த சின்ன வயசு நர்ஸ்கள் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்கள். "பூச்சிமருந்து, டாக்டர். அட்ரோபின் நிறைய வேண்டியிருக்கும், க்ராஷ் கார்ட்டில் இருப்பது பத்தாது. பார்மசிஸ்டை எழுப்பலாமா?" என்று கேட்டேன். அட்ரோபின்தான் அந்த விஷத்துக்கு முறிமருந்து, க்ராஷ் கார்ட் என்பது அவசர மருந்து வண்டி. டாக்டர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். துணிகளை வெட்டி எடுத்துப் பையில் கட்டினோம். நாங்கள் கவுன், கையுறை போட்டுக்கொண்டு அவரைக் குளிப்பாட்டினோம். நெஞ்சில் கரகரப்பு அடங்கும் வரை ஐந்து நிமிடத்துக்கொரு தரம் அட்ரோபின் அளவு இரட்டிப்பானது. விடிவதற்குள் ஹெலிகாப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் வேறு வார்டில் ஆள் குறைந்தபோது என்னைத்தான் அங்கே தள்ளிவிட்டார்கள். ஏஜென்சி நர்ஸ் என்றால் அப்படித்தான்.

பழக வேண்டியதும் இருக்கிறது. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் பார்கோடையும் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் ஊசி. உயிர் போகிற நேரத்தில் மட்டும் விலக்கு. டோஸ் தப்பாகத் தோன்றினால் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். 'சார் சொன்னார், போட்டேன்' என்பது அங்கே செல்லாது.

முதல் நாளைக் கேட்டீர்களே, பழக்குவதற்கு ஒரு ஷிப்ட் கொடுப்பார்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. நான் முன்கூட்டியே போய்விடுவேன். சக்‌ஷன் வேலை செய்கிறதா, குழந்தைகளுக்கான ட்யூப் எந்த டிராயரில், இதயம் நின்றால் எந்த நம்பருக்கு அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். விரல் வைத்தால் திறக்கிற மருந்து மெஷினில் என் கைரேகை ஏறிவிட்டதா என்பதைக் கட்டாயம் பார்ப்பேன். நெஞ்சுவலிக்காரர் படுத்திருக்க, திறக்காத பெட்டி முன்னால் விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அப்புறம் டெக்னீஷியன்களிடம் போய்ப் பெயர் சொல்லிப் பழகிக்கொள்வேன். எந்தச் சாமான் எங்கே என்று சார்ஜ் நர்சைவிட அவர்களுக்குத்தான் தெரியும், நம்ம ஊர் அட்டெண்டர் அண்ணன்களைப் போல.

அங்கேயும் சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்களா?
- வாசகர், ஊத்தங்கரை

போடுவார்கள், அடிக்கவும் வருவார்கள். எமர்ஜென்சிக்கு வந்த யாரையும் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-லிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. அதனால் காத்திருப்போர் அறை நிரம்பி வழியும். வார்டில் இடமில்லாமல் ஸ்ட்ரெச்சரிலேயே நாள் முழுக்கக் காரிடாரில் கிடப்பவர்களும் உண்டு. அந்தச் சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நம்ம ஊரில் ஒரு நோயாளியோடு பத்துப் பேர் வந்து நம் உயிரை வாங்குவார்கள், சரி. அங்கே எண்பது வயசுக் கிழவர் தனியாக வந்து கிடப்பார், தண்ணீர் கொடுக்கக்கூட நர்சைத் தவிர ஆளிருக்காது. அதற்கு நான் இன்னும் பழகவில்லை.

மாதம் பத்து லட்சம் கிடைக்குமாமே, உண்மையா?
- வாசகர், ஓசூர்

கொரோனா உச்சத்தில் இருந்த 2020, 2021-ல் சம்பளம் எங்கேயோ போனது, அப்புறம் இறங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று ஷிப்ட், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். சம்பளத்தில் ஒரு பகுதி மணிக்கூலி, மீதி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான படி. வேறு ஊரில் நிரந்தர வீடு வைத்து அதற்கும் செலவு செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் படிக்கு வரிவிலக்கு. நோயாளிகள் குறைந்தால் ஒப்பந்தத்தைப் பாதியிலேயே முறித்துவிடுவார்கள். கூட வேலை பார்த்த பெண்ணுக்கு அப்படி நடந்தது, மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டியிருந்தாள், பாவம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் நிச்சயம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சுமார் 40 மாநிலங்கள் சேர்ந்து ஒரே லைசென்ஸ் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா அதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் வாங்கலாம். ஏனென்றால் எமர்ஜென்சியில் ஒரு நர்சுக்கு நான்கு நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது.

களி கிடைக்குமா சிஸ்டர்?
- வாசகி, மத்தூர்

மாவு இருந்தால் கிடைக்கும்! இந்தியக் கடையில் ராகி மாவு விற்கிறார்கள், ஆனால் நான் போகும் பாதி ஊர்களில் அந்தக் கடையே இருக்காது. அதனால் பென்னாகரத்தில் அரைத்த மாவு எப்போதும் பெட்டியில் இருக்கும். கறிவேப்பிலையை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.