கழற்றிப் பூட்டிய எஞ்சினில் ஒயில் பிறஷர் ஏறவில்லை: என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் பழைய பிரித்தானியக் காரான மொறிஸ் மைனர் ஒன்றின் எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டிய பின், ஸ்ரார்ட்டரை எவ்வளவு சுழற்றினாலும் ஒயில் பிறஷர் காட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒயில் பம் உலர்ந்திருப்பதே காரணம். சுழலும் உட்பாகங்களுக்கிடையில் ஒயில் படலம் இல்லாத பம் காற்றைத்தான் சுழற்றுமே தவிர, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்பிலுள்ள ஒயிலை உறிஞ்சி மேலே ஏற்றாது.

சில எஞ்சின்களில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்றிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளைவழியே டிறில் கொண்டு பம்மைச் சுழற்றலாம். மொறிஸ் மைனரிலோ பம், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் பின்முனையில் பூட்டப்பட்டிருப்பதால் அவ்வழி இல்லை. ஆகவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பிறஷர் கேஜுக்குப் போகும் குழாயின் இணைப்பைத் திறந்து, ஒயில் கானால் அத்துளையூடாக மெதுவாக ஒயிலைச் செலுத்துங்கள். அவசரப்பட்டால் குமிழி குமிழியாக வெளியே கக்கும். பொறுமையாகச் செலுத்தினால் பம்வரை இறங்கும். பின்னர் இணைப்பை இறுக்கி, பத்துப் பதினைந்து விநாடிகளாக, இடையிடையே ஸ்ரார்ட்டரை ஆறவிட்டுச் சுழற்றுங்கள். பிளக் இல்லாததால் பெயாரிங்குகளில் சுமை குறைவு. பம்மைப் பூட்டும்போதே உள்ளே வசிலீன் அப்பியிருந்தால் இந்தப் பாடே இருந்திராது. கிறீஸ் கூடாது, அது எளிதில் கரையாது.

அப்படியும் ஏறாவிட்டால் சம்பைக் கழற்றி, உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். ஸ்ரார்ட் ஆனதும் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60, ஐட்லிங்கில் 15 இறாத்தல் அளவில் பிறஷர் நின்றால் போதும்.