வேகத்தடை யார் போடுவது, விளக்கு யார் எரியவைப்பது? நகராட்சியும் சாலைப் பாதுகாப்பும்: கேள்வி பதில்

நகராட்சியில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து நகராட்சிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின; 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான். இதைக் குறைக்க உள்ளாட்சி அமைப்புகள் எப்படிச் செயல்படுகின்றன என்று அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அறிந்தவரையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கடைவீதிச் சாலையில் மூன்று மாதத்தில் இரண்டு விபத்துகள் நடந்துவிட்டன. நகராட்சிக்குப் போனால் நெடுஞ்சாலைத் துறைக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் நகராட்சியைக் கைகாட்டுகிறார்கள். யாரிடம்தான் கேட்பது, ஐயா?

பதில்: இந்த அலைக்கழிப்பை மேசைக்கு மறுபக்கத்திலிருந்து பல ஆண்டுகள் பார்த்தவன் என்பதால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஓர் ஊரின் பெரிய சாலைகள் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமானவை அல்ல. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள் ஆகியவை ஊருக்குள் நுழைந்த பிறகும் அந்தந்தத் துறையின் வசமே இருப்பது வழக்கம். தெருக்களும் உட்சாலைகளுமே நகராட்சியின் பொறுப்பு. ஆனால் அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில் எரிகிற தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, கடைகளின் உரிமம் ஆகியவை பெரும்பாலும் நகராட்சியைச் சேர்ந்தவை. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடம் கிடைப்பது இதனால்தான். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல் மண்ணில் புதைந்து போயிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், அதை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று அச்சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது.

சாலை வேறு துறையுடையது என்பதற்காக நகர்மன்றம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இன்ன இடத்தில், இன்ன காரணத்தால், இன்ன வேலை தேவை என்று குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம். காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, உள்ளாட்சி ஆகிய துறையினர் ஒரே மேசையில் அமர்கிற அந்தக் கூட்டத்தில், மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பது கடினம்.

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியின் வாசலில் வண்டிகள் பறக்கின்றன. ஒரு வேகத்தடை போடுங்கள் என்று கேட்டு ஓராண்டு ஆகிறது. இவ்வளவு சிறிய வேலைக்கு ஏன் இத்தனை தாமதம்?

பதில்: அம்மா, உங்கள் கவலையில் முழு நியாயம் இருக்கிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 15 மீட்டர் ஓடிவிடும்; ஓட்டுநர் குழந்தையைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே ஏறத்தாழ அந்த ஒரு வினாடி போய்விடும். ஆகவே பள்ளி வாசலில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் வேகத்தடை சிறிய வேலை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் பணியாற்றிய ஊர்களில் ஒன்றில், ஒரு முதியவர் இறந்த மறுநாள் மக்கள் மறியல் செய்தார்கள். அன்று இரவே, அளவு எதுவும் பார்க்காமல், ஒரு முழ அகலத்தில் செங்குத்தான ஒரு தார் மேட்டைக் கட்டிவிட்டார்கள். வண்ணமும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. நான்காம் நாள் இரவு, கணவரின் வண்டியில் பின்னால் அமர்ந்து வந்த ஒரு பெண் அந்த மேட்டில் தூக்கி எறியப்பட்டார். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது, அந்தத் தார் மேட்டின் ஓரத்தில் உடைந்த வளையல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் பிழைத்துக்கொண்டார் என்றாலும் அந்தக் காட்சி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் பொதுவான அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் குலுங்காமல் கடக்க வேண்டும். அதைவிட விரைந்து வருபவருக்கு மட்டுமே அது உறுத்த வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டைகளும், சுமார் 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும், இரவில் மேலே விழும் வெளிச்சமும் அதன் பகுதிகளே. இதற்காகத்தான் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டுக் காவல்துறையின் கருத்தைக் கேட்டு மதிப்பீடு தயாரிக்கிறார். அதற்கு ஓராண்டு ஆகத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்த் தெருவென்றால் சில வாரங்களில் முடியக்கூடிய வேலை இது.

உங்கள் பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது வேறு. நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் ஜீப்ரா கடவையையே நடைபாதை உயரத்துக்குத் தட்டையான மேடையாக உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். வண்டியும் வேகம் குறையும், குழந்தையும் கண்ணுக்குத் தெரிவாள். மனுக் கொடுக்கும் முன் ஒரு நாள் காலையில், பள்ளி மணி அடிப்பதற்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே போய் நின்று, பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று பாருங்கள். அது பெரும்பாலும் வாசலுக்கு எதிரே இராது. ஆட்டோ நிற்கும் இடத்திலோ மிட்டாய்க் கடைப் பக்கமோ இருக்கும். கடவை அங்கேதான் வர வேண்டும்.

கேள்வி: முதன்முறையாக நகர்மன்ற உறுப்பினராகியுள்ளேன். என் வார்டில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காவல் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் விபத்து விவரங்களைக் கேட்டு வாங்கி வார்டு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள் அல்லது 10 மரணங்கள் நேர்ந்திருந்தால் அதைக் கரும்புள்ளி இடம் என்று அறிவிக்கிறார்கள். நம் தெருக்களில் அந்தக் கணக்கு எட்டாது. எட்டும்வரை காத்திருக்கவும் கூடாது. ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்களையும் முனைக்கடைக்காரரையும் கேளுங்கள். காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாத சறுக்கல்களையும் மோதல்களையும் அவர்கள் தேதியோடு சொல்வார்கள். உங்கள் பகுதி சபாக் கூட்டத்தில் இதையே முதல் பொருளாக வையுங்கள்.

நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. சாலைப் பாதுகாப்புக்கென்று தனி நிதி கேட்டுக் காத்திருப்பதைவிட, ஏற்கெனவே போடப்போகும் சாலையின் மதிப்பீட்டிலேயே அதைச் சேர்ப்பது எளிது. ஓரக்கோடு, முனையில் கடவை, ஒளி பிரதிபலிக்கும் பட்டை, தார் விளிம்பை மண்ணோடு சமப்படுத்துவது ஆகியவை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதையும் நினைவூட்டுங்கள். தளத்தின்மேல் தளம் போட்டு ஒரு சாண் உயர்ந்துவிட்ட சாலையின் விளிம்பில் இருசக்கர வண்டியின் சக்கரம் இறங்கினால், மீண்டும் ஏற்றுவதற்குள் ஓட்டுபவர் விழுந்துவிடுகிறார். நான் பார்த்த விபத்துகளில் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியவை இவையே.

கேள்வி: நடைபாதை முழுவதும் கடைகள். நடப்பவர்கள் சாலையில் இறங்கித்தான் போகிறார்கள். கடைகளை ஏன் அகற்றுவதில்லை?

பதில்: அகற்றினால் மறுவாரம் வந்துவிடுவார்கள், அது அவர்களுடைய பிழைப்பு. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. அதன்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை அக்குழுவின் வழியாகவே முடிவு செய்ய வேண்டும். நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே நான் விட்டுக்கொடுக்காத அளவு. பல ஊர்களில் அந்த இடத்தை வியாபாரியைவிட மின்மாற்றியும், நிறுத்தி வைத்த கார்களும், கடைக்காரர் நீட்டிக் கட்டிய படிக்கட்டுமே அதிகம் பிடித்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தால் முழங்கால் வலியுள்ளவர்கள் அதில் நடக்கவே மாட்டார்கள். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் மாநகராட்சி அமைத்த அகலமான நடைபாதையை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: தலைக்கவசம் அணியாதவர்கள்மீது நகராட்சி நடவடிக்கை எடுக்குமா?

பதில்: எடுக்காது. அது காவல்துறையின் பணி.

கேள்வி: குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள். அதில் ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு?

பதில்: சாலையை வெட்ட அனுமதி கொடுக்கும்போதே அதைச் சீரமைக்கும் தொகையை நகராட்சி வாங்கிக்கொள்வது வழக்கம். தடுப்பும், இரவில் சிவப்பு விளக்கும், வேலை முடியும் நாளைக் குறித்த பலகையும் அந்த அனுமதியிலேயே நிபந்தனையாக இருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-அ பிரிவின்படி, சாலையை வடிவமைப்பதிலும் அமைப்பதிலும் பராமரிப்பதிலும் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்பு அல்லது ஒப்பந்ததாரருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஓர் உயிருக்கு இந்தத் தொகை மிகக் குறைவு என்பதே என் கருத்து. ஆயினும் பள்ளத்தை இன்றே தேதியுடன் படமெடுத்து, எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று வாங்கிவிடுங்கள். 'எங்கள் கவனத்துக்கு வரவில்லை' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்களுடையது கிராம ஊராட்சி. ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடம் ஆபத்தாக இருக்கிறது.

பதில்: நெடுஞ்சாலையின் மீதே வேகத்தடை கேட்பவர்கள் அதிகம், அது பெரும்பாலும் கிடைக்காது, விரைந்து வரும் லாரிக்கு முன்னால் திடீர் மேடு நல்லதும் அல்ல. வேகத்தடை ஊர்ச்சாலையின் பக்கம், சந்திப்புக்குச் சற்று முன்னால் வர வேண்டும். அதோடு முனையிலுள்ள வேலிக்கருவையை வெட்டி, விளம்பரப் பலகைகளை அகற்றி, இருபுறமும் பார்வை திறந்திருக்கச் செய்யுங்கள். இவற்றில் பெரும்பகுதி ஊராட்சியே செய்துகொள்ளக்கூடியது. ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள சிக்னலில் பாதி தூரம் கடப்பதற்குள் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. இதையெல்லாம் யாராவது கவனிப்பார்களா?

பதில்: ஐயா, கவனிக்க வைக்க முடியும். நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்று வைத்துப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுவது வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு அந்தக் கணக்கில் 10 வினாடி போதும். உங்களைப் போன்றவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 15 வினாடி தேவைப்படும். இந்த 5 வினாடியைக் கூட்டுவது காவல்துறையின் வேலை; சாலையின் நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு அமைப்பது சாலை யாருடையதோ அவர்களுடைய வேலை. யாராவது ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், நீங்கள் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்களை எழுதி, போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு ஒரு படியும் நகராட்சி ஆணையாளருக்கு ஒரு படியும் கொடுங்கள்.