மகனின் பாசிட்டிவும் அப்பாவின் நெகட்டிவும்

கேள்வி: மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பர்மாவில் மோல்மேனில் இருக்கிறோம். மகனுக்கு வயது 24, மலேசியா வேலைக்கு ஏற்பாடு நடக்கிறது. முதலில் பக்கத்து கிளினிக்கில் விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் பார்த்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பீ-யும் இல்லை, சீ-யும் இல்லை என்றார்கள். அன்றைக்கே பீ தடுப்பூசி ஒன்று போட்டார்கள். எட்டு நாள் கழித்து வேலைக்கான மெடிக்கல் பரிசோதனையில் மெஷினில் பார்த்து, "ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ் 2.1, ஆன்டி-ஹெச்.சி.வி. ரியாக்டிவ் 4.6" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு லேபில் இரண்டுக்கும் வைரஸ் அளவு, ஜீனோடைப் (வைரஸின் வகை) எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜாகப் பார்க்கச் சொல்கிறார்கள், பெரிய தொகை. என் கணவருக்குப் பத்து வருடமாக பீ போ, அதாவது பீ வைரஸ், உண்டு. "ஈ ஆன்டிஜென் நெகட்டிவ்" என்று வந்ததால் மருந்து வேண்டாம் என்று இருந்துவிட்டோம். வயது 53. அவருடைய சமீபத்திய பேப்பர்: வைரஸ் 3.4 லாக், கல்லீரல் என்சைம்கள் எஸ்.ஜி.பி.டி. 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, பிளேட்லெட் 1,40,000. மகனுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: அம்மா, தட்டையும் டம்ளரையும் பழையபடி வையுங்கள். பீ-யும் சீ-யும் சோற்றிலோ தண்ணீரிலோ பரவுவதில்லை. ரத்தத்தில் பரவும், பீ உடலுறவிலும் பிரசவத்திலும் பரவும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத்பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

மகனின் பேப்பரில் உள்ள இரண்டு "ரியாக்டிவ்"களும் ஒரே வகைச் செய்தி அல்ல. ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது பீ வைரஸின் மேலுறைப் புரதம், அதாவது வைரஸின் ஒரு பாகம். ஆன்டி-ஹெச்.சி.வி. என்பது சீ வைரஸைக் கண்ட உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள். முதலாவது, ஆள் இப்போது உள்ளே இருப்பதைக் காட்டும். இரண்டாவது, ஆள் எப்போதோ வந்து போன தடத்தையும் காட்டும். அதனால் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பீ. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, "அன்றைக்கே தடுப்பூசி ஒன்று போட்டார்கள்" என்பது. அந்த ஊசியில் இருப்பது என்ன? ஈஸ்டில் வளர்த்தெடுத்த அதே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. புரதம்தான். பெரியவர்களுக்கான ஒரு டோஸில் பொதுவாக 20 மைக்ரோகிராம் இருக்கும். வைரஸ் கிடையாது, நோய் வராது. ஆனால் அந்தப் புரதம் சில நாள் ரத்தத்தில் சுற்றும், நுட்பமான மெஷின் அதைப் பிடித்துவிடும். ஊசிக்குப் பிறகு 18 நாள் வரை, அரிதாக அதற்கு மேலும், இப்படிப் பொய்யாக ரியாக்டிவ் வருவது உண்டு. பல ஆண்டுகளாக பீ உள்ளவரின் ரத்தத்தில் இந்த எண் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நிற்கும். உங்கள் மகனுக்கு வெறும் 2.1. (இது கட்-ஆஃப் விகிதமா, அதாவது ரியாக்டிவ் எல்லையைப் போல எத்தனை மடங்கு என்பதா, ஐ.யு. என்ற சர்வதேச அலகில் சொன்ன அளவா என்பதை லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். விகிதம் என்றால் 1-க்கு மேல் ரியாக்டிவ். ஐ.யு. என்றால் கணக்கே வேறு.)

ஆனாலும் "ஊசிதான் காரணம்" என்று இப்போதே முடிவு கட்ட நான் தயாராக இல்லை. வீட்டில் அப்பாவுக்கு பீ உண்டு. மகன் பிறந்த காலத்தில் பர்மாவில் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பீ ஊசி சேரவில்லை, 2003-இல்தான் சேர்ந்தது. சிறு வயதில் தொற்றியிருந்து, இப்போது மேலுறைப் புரதம் குறைவாக இருப்பவர்களை ஸ்ட்ரிப் தவறவிடக்கூடும். விரல்நுனி ரத்தம் எத்தனை சொட்டு, பஃபர் என்ற திரவம் எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் (பெரும்பாலும் 15 அல்லது 20) என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஐந்தாவது நிமிடத்திலேயே "ஒன்றுமில்லை" என்று தூக்கிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மழைக்காலத்தில் பொட்டலத்தை முன்கூட்டியே பிரித்து வைப்பது அடுத்தது. ஈரம் ஏறினால் ஸ்ட்ரிப்பில் ரத்தம் ஓடும் வேகமே மாறிவிடும். கன்ட்ரோல் கோடு வந்ததா, டெஸ்ட் கோடு மங்கலாகவாவது தெரிந்ததா என்று பார்த்தவருக்குத்தான் தெரியும். குறித்த நேரத்துக்குள் தெரியும் மங்கலான கோடும் கோடுதான்.

ஊசியா, வைரஸா என்று பிரிக்கப் பேக்கேஜ் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு சோதனை போதும்: ஆன்டி-ஹெச்.பி.சி. டோட்டல். வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் அது. தடுப்பூசியில் மேலுறை மட்டுமே உண்டு, உட்கரு கிடையாது. ஆகவே எத்தனை ஊசி போட்டாலும் இது பாசிட்டிவ் ஆகாது. பாசிட்டிவ் என்றால் உண்மையான வைரஸ் உடம்புக்குள் வந்திருக்கிறது. நெகட்டிவ் என்றால் ஊசியின் மேல்தான் சந்தேகம் போகும்.

சில லேப்களில் "நியூட்ரலைசேஷன் செய்து உறுதிப்படுத்துகிறோம்" என்பார்கள். அது நல்ல சோதனை. அதே ரத்தத்தில் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள், மெஷின் காட்டும் அளவு பாதிக்கு மேல் விழுந்தால், பிடிபட்டது அசல் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.தான். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் அது உதவாது. ஊசியில் இருப்பதும் அசல் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.தானே! "கன்ஃபர்ம்டு பாசிட்டிவ்" என்று ஒரு பேப்பர் வரும், பையன் வேலை போகும்.

ஆன்டி-ஹெச்.பி.சி. நெகட்டிவ் வந்தாலும் ஒரு சிறு இடைவெளி மிச்சம் இருக்கிறது. புதிதாகத் தொற்றியவர்களுக்கு மேலுறைப் புரதம் முதலில் தெரியும், உட்கரு எதிர்ப்பொருள் அதன் பிறகே வரும். எனவே ஊசி போட்டு நான்கு வாரம் முடிந்ததும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யையும் ஆன்டி-ஹெச்.பி.சி.யையும் மெஷினில் மறுபடி பார்க்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு: இரண்டாவது ஊசியும் ஒரு மாதத்தில்தான் வரும். ரத்தத்தை முதலில் கொடுத்துவிட்டு அதன் பிறகு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முறை மாறினால் பழைய குழப்பம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மறுசோதனையில் இரண்டும் நெகட்டிவ் என்றால் ஆறாம் மாத ஊசியையும் முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்.பி.எஸ்., அதாவது மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள், பார்க்கட்டும். மில்லிக்கு 10 மில்லி ஐ.யு. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது.

ஆன்டி-ஹெச்.பி.சி. எண்ணை நீங்களாகப் படிக்க வேண்டாம். பல மெஷின்களில் இந்தச் சோதனை தலைகீழாக வேலை செய்யும்: எண் 1-க்குக் கீழே இருந்தால்தான் ரியாக்டிவ். எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சொல்லைப் படியுங்கள். முடி, நகம் வளர பயோட்டின் மாத்திரை யாராவது சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், சில மெஷின்களில் அது முடிவையே புரட்டிவிடும்.

இனி சீ. 4.6 என்பது குறைந்த ரியாக்டிவ். பொய்யாக வந்ததாகவும் இருக்கலாம், எப்போதோ தொற்றித் தானாகவே விலகியதாகவும் இருக்கலாம், இப்போது வைரஸ் இருப்பதாகவும் இருக்கலாம். சீ தொற்றியவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே வைரஸ் போய்விடும், எதிர்ப்பொருள் மட்டும் தங்கும். இந்த மூன்றில் எது என்று பிரிப்பது, சீ வைரஸையே ரத்தத்தில் நேராகத் தேடும் ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ., அதாவது பி.சி.ஆர். மட்டுமே. ஆக, பேக்கேஜில் மகனுக்கு இப்போது தேவைப்படுவது இந்த ஒன்றுதான். பீ வைரஸ் அளவு ஆன்டி-ஹெச்.பி.சி. பார்த்த பிறகு தேவைப்பட்டால் போதும்.

ஜீனோடைப்புக்குப் பணம் கட்டாதீர்கள். சோஃபாஸ்புவிர்-வெல்படாஸ்விர் மாதிரியான மருந்துகள் எல்லா வகைக்கும் வேலை செய்வதால் அதற்கு இருந்த பழைய முக்கியத்துவம் போய்விட்டது. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால், அல்லது ஒரு முறை மருந்து தோற்றிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் எந்த முறையில் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பர்மாவில் 3-ஆம் வகையும் 6-ஆம் வகையும் அதிகம். வைரஸின் தொடக்கப் பகுதியை மட்டும் படிக்கும் பழைய கிட்கள் 6-இல் சில உட்பிரிவுகளை 1 என்று எழுதிவிடும், அந்தப் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால். வைரஸின் வேறு பகுதிகளான கோர் பகுதியையோ என்.எஸ்.5.பி. பகுதியையோ சேர்த்துப் படித்தால்தான் பிரியும்.

ஆர்.என்.ஏ. சோதனை எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் மெஷினில் அல்ல, மெஷினுக்கு வரும் வழியில். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பரின் இருக்கும், அது பி.சி.ஆர். வினையையே தடுத்து, இருக்கும் வைரஸை இல்லையென்று காட்டக்கூடும். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது நல்லது. பிரித்த பிளாஸ்மா 2 முதல் 8 டிகிரியில் மூன்று நாள் தாங்கும். முழு ரத்தத்தை அப்படியே ஐஸில் புதைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி பாழாகும். காசநோய்க்குச் சளி பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டியிலேயே சீ வைரஸுக்கான கார்ட்ரிட்ஜும் போடலாம். 1 மில்லி பிளாஸ்மா, இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. ஊரிலேயே அந்த வசதி கிடைத்தால் ரங்கூன் வரை பஸ்ஸில் அனுப்புவதைவிட அதுவே மேல்.

முடிவு "நாட் டிடெக்டட்" என்றால் மருந்து வேண்டாம், அந்தப் பேப்பரைப் பத்திரமாக வைத்திருங்கள். எதிர்ப்பொருள் பல ஆண்டு தங்கக்கூடும் என்பதால் அடுத்த மெடிக்கலிலும் இதே "ரியாக்டிவ்" வரலாம், அப்போது காட்ட அது வேண்டும். "டிடெக்டட்" என்றால் பெரும்பாலும் 12 வார மாத்திரை, 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. மருந்து முடித்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்த்து நெகட்டிவ் என்றால் குணம். ஆனால் பீ விஷயம் தீராமல் சீ மருந்தைத் தொடங்கக் கூடாது. சீ அடங்கும்போது மறைந்திருந்த பீ கிளம்பிக் கல்லீரலைத் தாக்கியது உண்டு.

மகனைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், நீங்கள் அனுப்பிய பேப்பர்களில் என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கணவருடையதுதான்.

ஈ ஆன்டிஜென் என்பது பீ வைரஸ் வெளிவிடும் ஒரு புரதம். அது நெகட்டிவ் என்றால் வைரஸ் தூங்குகிறது என்று பல பேர் நினைக்கிறார்கள். சிலருக்கு உண்மை. ஆனால் வைரஸின் மரபெழுத்தில் 1896-ஆம் இடத்தில் ஜி என்பது ஏ ஆக மாறினால், ஈ புரதத்தைத் தயாரிக்கும் வேலை பாதியிலேயே நின்றுவிடும். வைரஸ் பெருகுவது மட்டும் நிற்காது. பேப்பரில் ஈ நெகட்டிவ், ரத்தத்தில் வைரஸ். ஆசியாவில் இது சாதாரணமாகக் காணப்படும் மாற்றம். அதனால் ஈ நெகட்டிவைத் தனியாகப் படிக்கக் கூடாது, வைரஸ் அளவோடும் எஸ்.ஜி.பி.டி.யோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

3.4 லாக் என்பது பார்க்கச் சின்ன எண். பத்தை 3.4 மடியாக உயர்த்தினால் சுமார் 2,500. மில்லிக்கு ஐ.யு. என்றால், உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வைத்த 2,000 என்ற எல்லையைத் தாண்டுகிறது. ஐ.யு.க்குப் பதில் காப்பி (copies) என்று எழுதியிருந்தால் ஐந்தால் வகுக்க வேண்டும், சுமார் 500 ஐ.யு.தான் வரும். பேப்பரின் ஓரத்தில் அலகு என்ன என்று பாருங்கள். அதே வழிகாட்டலில் ஆண்களுக்கு எஸ்.ஜி.பி.டி. எல்லை 30. லேப் பேப்பரில் 40 என்றோ 50 என்றோ அச்சடித்திருந்தாலும், இவருடைய 52 கூடுதல்தான்.

அலகு எதுவாக இருந்தாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது, காகிதத்திலேயே போடலாம், பெயர் ஏ.பி.ஆர்.ஐ. எஸ்.ஜி.ஓ.டி.யை அதன் மேல் எல்லை 40-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 120. அதை ஆயிரக்கணக்கில் எழுதிய பிளேட்லெட்டால் வகுங்கள்: 120-ஐ 140-ஆல் வகுத்தால் சுமார் 0.86. 0.5-க்கு மேல் போனால் கல்லீரலில் கணிசமான தழும்பு இருக்கலாம், 1-ஐத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம், சந்தேகம். இவர் நடுவில் நிற்கிறார். டெங்கு மாதிரி காய்ச்சல் வந்து பிளேட்லெட் இறங்கியிருந்தாலோ, மது பழக்கம் இருந்தாலோ இந்தக் கணக்கு ஏறும். ஆகவே அப்படி எதுவும் இல்லாத நாளில் ஒரு முறை திரும்பப் பாருங்கள், கிடைத்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும். அதில் 7 கிலோபாஸ்கலுக்கு மேல் என்றாலும் கணிசமான தழும்பு என்றே பொருள்.

என் கணிப்பில் அவருக்கு மாத்திரை தொடங்கும் காலம் வந்துவிட்டது, கல்லீரல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது கிரியேட்டினின், ஹெச்.ஐ.வி., ஆன்டி-ஹெச்.சி.வி., ஆன்டி-ஹெச்.டி.வி. (ஹெபடைடிஸ் டி-க்கான சோதனை) முடிவுகள் கையில் இருக்கட்டும். பீ-க்கான டெனோஃபோவிர் மாத்திரையைச் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஹெச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் அதை மட்டும் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுக்கான ரத்தச் சோதனை ஏ.எஃப்.பி.யும் தவறக் கூடாது, பீ உள்ளவர்களுக்கு சிரோசிஸ் இல்லாமலும் கல்லீரல் புற்று வரும். தொடங்கிய மாத்திரையை, எண் நன்றாக இறங்கிவிட்டது என்று தானாக நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கக்கூடும்.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்களும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி-ஹெச்.பி.சி., ஆன்டி-ஹெச்.பி.எஸ். மூன்றும் பாருங்கள். மூன்று பேரும் ஒரே நாளில் ரத்தம் கொடுக்கலாம். ரங்கூனுக்கு அனுப்பும் லேப் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போங்கள். சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறு முழுக்க ஃபிரிட்ஜில் கிடக்கும், நடுவில் கரண்ட் எத்தனை மணி நேரம் போனது என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.