கேள்வி நேரம்: ஐ.டி.ஐ.யா, இன்ஜினீயரிங்கா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கில் சுமார்தான். ஆனால் மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எது நின்றாலும் பிரித்து ஓட வைத்துவிடுவான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறான். சொந்தக்காரர்களோ, ‘கடன் வாங்கியாவது கோவையில் இன்ஜினீயரிங் சேர்த்துவிடு’ என்கிறார்கள். அவன் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மகன் பக்கமே நில்லுங்கள், அம்மா. கணக்கில் தடுமாறும் பிள்ளையைக் கடன் வாங்கிச் சேர்த்து, நான்கு வருட முடிவில் அரியரும் வட்டியுமாக ஊர் திரும்புவதைப் பார்க்க எங்களுக்கு மனசு வரவில்லை.

எலக்ட்ரீஷியன் இரண்டு வருடப் படிப்பு. குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், பாடநூல், சீருடை, பஸ் பாஸும் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். தனியார் ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதாக இருந்தால், அங்கே அந்தக் குறிப்பிட்ட தொழிற்பிரிவுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

மலையில் இந்தத் தொழிலுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். ஓட்டலோ காட்டேஜோ, கீசர் இல்லாத அறை இங்கே உண்டா? 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 16 ஆம்பியர் பாயின்ட்டும் வேண்டும். விளக்குக்குப் போட்ட 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில், 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சாக்கெட் கறுத்து உருகும். இன்னொன்று ஈரம். மழை பிடித்துக்கொண்டால், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். தொந்தரவு என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். குளியலறையில் உயிர் போவது இப்படித்தான். வேலை தெரிந்தவன் மெயினை அணைத்து, ஒவ்வொரு சர்க்யூட்டையும் தனியாகப் பிரித்து, 500 வோல்ட் மெக்கரில் (கம்பியின் காப்பு உறையைச் சோதிக்கும் கருவி) சோதிப்பான். எது ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிறதோ அங்கேதான் ஈரம் இறங்கியிருக்கிறது.

முடிவெடுக்கும் முன் அவன் அப்பாவின் தொழிற்சாலையில் தேயிலையை நறுக்கும் சி.டி.சி. இயந்திரத்தை மகனுக்கு ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700. அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நறுக்குப்படுகிறது. பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கிச் சூடாகும், டீயின் பளிச்சென்ற நிறம் போய்விடும். அப்போது ரோலரைக் கழற்றி லேத்தில் சமன்படுத்தி, மில்லிங், சேஸிங் செய்து புதுப் பல் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டும் இம்மி பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். ஒரு முனை இறுகினால் பல் உரசி உடையும். அவன் கண் அந்த ரோலரிலேயே நின்றால் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் மூன்றையும் யோசியுங்கள். மூன்றும் இரண்டு வருடம்தான்.

பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது அப்ரன்டிஸ்ஷிப்பில், அதாவது படிப்பு முடிந்து நிறுவனத்தில் வேலை பழகும் பயிற்சியில். ஐ.டி.ஐ. சான்று கைக்கு வந்ததும் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அந்த ஒரு வருடத்தை விடாதீர்கள். அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே, மின் வாரியம் போன்ற இடங்களின் பழகுநர் அறிவிப்புகளைக் கவனித்து, அப்ரன்டிஸ்ஷிப் தளத்தில் பதிந்து வைக்கட்டும். உதவித்தொகையோடு வேலை பழகலாம். முடிவில் தேர்வெழுதி என்.ஏ.சி. எனும் தேசியப் பழகுநர் சான்று வாங்கலாம். சொந்தமாக வயரிங் எடுத்துச் செய்ய நினைத்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் தகுதிச் சான்றும் வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு தகவல்: பட்டத்துக்கான கதவு மூடிவிடாது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். வருடம் கூடத்தான் ஆகும். ஆனால் கையில் ஒரு தொழிலோடு போவான்.

கேள்வி: தம்பி ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். வெல்டர் சேரலாமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: எட்டாவது தேர்ச்சி இருந்தால் போதும், சேரலாம். வெல்டர் ஒரு வருடம். வயர்மேனுக்கும் எட்டாவதுதான் தகுதி, ஆனால் இரண்டு வருடம். எங்கள் விருப்பம் வயர்மேன். எட்டாவதுக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்று பெறலாம். ஒரு வருட வெல்டருக்கு அந்த வழி இல்லை. வருகை 80 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள், மழைக்காலத்தில் லீவு போடாமல் போகச் சொல்லுங்கள்.