என் பேரைக் கிறுக்கிப்போடும்னு சொல்ல முடியலையே!

கேள்வி: நான் ஒரு மன்றாட்டு ஜெபக்குழுவை ரொம்ப வருஷமா நடத்திட்டு வர்றேன். யாருக்காக ராத்திரி கண் முழிச்சு ஜெபிக்கிறேனோ அவங்களே எனக்குப் பின்னாடி பேசுறாங்க, மனசு விட்டுப்போச்சு. மோசே தேவன்கிட்ட "இந்த ஜனங்க பாவத்தை மன்னியும், இல்லேன்னா உமது புஸ்தகத்துல இருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்"னு கேட்டாரே, அப்படி ஒரு வார்த்தை என் வாயில வரவே மாட்டேங்குது. அப்போ எனக்கு இந்தப் பொறுப்புக்குத் தகுதி இல்லையா? அந்த ஜெபத்தை தேவனும் ஏத்துக்கலையே, அது ஏன்?

பதில்: சகோதரி, யாத்திராகமம் 32-ஐ கொஞ்சம் மெதுவா வாசிங்க. பொன்னால கன்னுக்குட்டி சிலை செஞ்சு அதைக் கும்பிட்டு ஆடிட்டு இருந்த இஸ்ரவேல் ஜனங்களைப் பத்தி தேவன் மோசே கிட்ட சொல்லும்போது "உன் ஜனங்கள்"னு சொல்றாரு, மோசே பதில் பேசும்போது "உமது ஜனங்கள்"னு திருப்பி அவர் கையிலயே குடுக்குறாரு. இவங்களை அழிச்சுட்டு உன்னையே பெரிய ஜாதியாக்குறேன்னு தேவன் சொன்னப்போ, தலையாட்டியிருந்தா மோசேக்குத்தான் லாபம், ஆனா அவர் அந்தப் பக்கமே போகல, ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் குடுத்த வாக்கை ஞாபகப்படுத்தி அந்த ஜனத்துக்காகவே வாதாடுறாரு.

இதே மனுஷன்தான் மலைய விட்டு இறங்கினதும் தேவன் கட்டளை எழுதிக் குடுத்த கற்பலகையை உடைச்சாரு, கன்னுக்குட்டியைச் செஞ்சு குடுத்த தன் அண்ணன் ஆரோனை நேருக்கு நேர் கேள்வி கேட்டாரு. ஜனங்க முன்னாடி கோபம், தேவன் முன்னாடி அவங்களுக்காகக் கெஞ்சல். நாம பெரும்பாலும் இதைத் தலைகீழா செய்யறோம், ஆளைப் பார்த்தா சிரிச்சுட்டு முழங்கால்ல நின்னதும் ஆண்டவரே இவங்களைப் பாருங்கன்னு புகார் வாசிக்கிறோம். உங்க குழுவுல முதல்ல இதைத்தான் கவனிக்கணும்னு நான் நினைக்கிறேன், மன்றாட்டு ஜெபம்னு பேரை வச்சுக்கிட்டு அடுத்தவங்க குறையைப் பேசுற இடமா அது மாறிடவே கூடாது.

ஏன் ஏத்துக்கலன்னு கேட்டீங்க. பாவம் செஞ்சவன் பேரைத்தான் கிறுக்குவேன்னு தேவன் சொல்லிட்டாரு, ஏன்னா ஒரு மனுஷன் பாவத்தை இன்னொரு மனுஷன் சுமந்து தீர்க்க முடியாது, மோசேயாலயும் முடியாது. அப்போஸ்தலன் பவுலும் ரோமர் 9:3-ல தன் இனத்தாருக்காக தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார்னு எழுதுறாரு, அவராலயும் முடியாது. அதைச் செஞ்சவர் இயேசு ஒருத்தர்தான், நமக்காக சாபமானாருன்னு கலாத்தியர் 3:13 சொல்லுது. அதனால அந்த வார்த்தை உங்க வாயில வரலைன்னு பயப்படாதீங்க. உங்ககிட்ட கேக்கறது உங்க நேரம், தூக்கம், கொஞ்சம் நல்ல பேரு, அதை ஏற்கனவே குடுத்துட்டுத்தான் இருக்கீங்க. இதையே மத்தவங்ககிட்ட கறாரா கேட்டு வாங்கிட்டு தான் மட்டும் ஒண்ணும் இழக்காம இருக்கிற தலைவரைப் பத்திதான் கவலைப்படணும்.

பின்னாடி பேசுறாங்கன்னு சொன்னீங்க இல்ல, எண்ணாகமம் 12-ல மோசேயோட அக்கா மிரியாம் மோசேக்கு விரோதமா பேசி குஷ்டரோகம் பிடிச்சு நின்னப்போ அவர் செஞ்ச ஜெபம் ஒரே வரிதான், என் தேவனே அவளைக் குணமாக்கும். உங்களைப் பேசினவங்க பேரைச் சொல்லி அந்த அளவுக்கு ஒரு வரி ஜெபிச்சுப் பாருங்க, நீளமா வேண்டாம். முதல் தடவை தொண்டையில அடைக்கும், பரவால்ல.

அப்புறம் உங்க களைப்பு. எண்ணாகமம் 11-ல மோசே இவ்வளவு ஜனத்தையும் நான் ஒருத்தனா தாங்க முடியாது, என்னைக் கொன்னுபோடும்னே கேட்டுட்டாரு. தேவன் அவரைப் பொறுப்புல இருந்து எடுக்கல, திட்டவும் இல்ல, மூப்பர்கள்ல 70 பேரைக் கூட்டிட்டு வா, அவங்களும் உன்னோட பாரத்தைச் சுமக்கட்டும்னு சொன்னாரு. உங்களுக்கு 70 பேர் கிடைக்க மாட்டாங்க, நம்பிக்கையான ரெண்டு பேரை இந்த வாரமே கூப்பிட்டு என்னால முடியலன்னு வாய் விட்டு சொல்லுங்க.