பதில்: ஏரியில் மோட்டார் படகு விடலாமா? ஊர் இரண்டாக நிற்கிறது

காட்பாடிப் பக்கம் உங்கள் ஏரியில் மோட்டார் படகும் நீர்ச்சறுக்கும் வந்தால் பிழைப்புக்கு வழி என்கிறது ஒரு தரப்பு, அடியோடு கூடாது என்கிறது இன்னொரு தரப்பு. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, அதற்குள் என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்கள் அனுமதி இல்லாமல் ஊருக்குள் சண்டை போட்டுப் பயனில்லை.

அப்புறம் கரை. நம்ம பக்கத்து ஏரிகளுக்கு மண்கரைதான். வேகப்படகு கிளப்பும் அலை ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப மோதினால், உள்பக்கம் பதித்த கல்லுக்குப் பின்னால் இருக்கும் மண் கரைந்து கல் சரியும். மதகுப் பக்கம் இது நடந்தால் ஆபத்து. ஆழம் குறைந்த இடத்தில் அடிச்சேறு கலங்கிப் பாசியும் கூடும். மீன் குத்தகை எடுத்தவரையும் கேளுங்கள், வலை அவருடையது.

அதற்காக எல்லாப் படகையும் தடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏலகிரி புங்கனூர் ஏரிக்குப் படகு சவாரிக்காகவே ஆட்கள் வருகிறார்கள், சுற்றிலும் கடைகள் பிழைக்கின்றன. துடுப்புப் படகு, மிதிபடகு மட்டும், மதகையும் உபரிநீர் வழியும் கடைவாசலையும் விட்டுத் தள்ளி, உயிர்காப்பு உடையோடு, மோட்டார் வேண்டாம். இப்படி எழுதி, ஊராட்சி என்றால் நவம்பர் 1 கிராம சபையில் வையுங்கள். மோட்டார் படகு கேட்கும் கடைக்காரர்களிடம் முன்னாடியே நேரில் பேசிவிடுங்கள். சபையில் முதல்முறை கேட்டால் கோபம்தான் வரும்.