நாலு பேரும் ஒரு பாறையும்

கேள்வி: மெரினா உழைப்பாளர் சிலை, இந்தியாவின் முதல் மே தினத்துக்கு நினைவுச் சின்னமாக வைத்தது என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி ரெண்டு சங்கதியை முடிச்சுப் போட்டுவிட்டார். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923-இல். அன்றைக்கு நடந்த இரண்டு கூட்டங்களுமே கடற்கரையில்தான்: ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றது திருவல்லிக்கேணியில். சிலை வந்தது காமராஜர் ஆட்சியில், 1959 ஜனவரி 25 அன்று. விடிந்தால் குடியரசு தினம். மே தினத்துக்காக வைத்ததில்லை என்று தேதியே சொல்கிறதே! இப்போதெல்லாம் மே முதல் தேதி தொழிற்சங்கத்தார் அங்கே கூடுவது பொருத்தம்தான், அதில் எனக்கு வழக்கில்லை.

சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்ற வங்காளி. சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். சிற்பி தனபால் இவரிடம் படித்தவர்தான். ராய் சௌத்ரி மல்யுத்தமும் பழகியவர். அதனால்தானோ என்னவோ, உடம்பில் எந்த நரம்பு எப்போது புடைக்கும் என்று அவருக்கு அத்துப்படி. சிலையில் நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள், பாறை இன்னும் அசைந்தபாடில்லை. பாறையை உருட்டிவிட்டுக் கையைத் தூக்கி நிற்கிற மாதிரி வடித்திருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மெரினாவில் மற்ற சிலைகளெல்லாம் பேரும் புகழும் உள்ளவர்களுக்கு. இந்த நாலு பேருக்குப் பெயரே கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. என்னைக் கேட்டால் கடற்கரையிலேயே உருப்படியான சிலை இதுதான்.

கேள்வி: அவர் செய்த வேறு சிலை சென்னையில் உண்டா?
– வாசகி, திருத்தணி

பதில்: அதே மெரினா கடற்கரைச் சாலையில் இருக்கிற காந்தி சிலை அவர் கைவண்ணம்தான். அதுவும் 1959-தான், நேரு வந்து திறந்து வைத்தார். கோலூன்றி நடக்கும் காந்தி. டெல்லியில் பதினோரு பேர் நடந்து போகும் உப்பு சத்தியாகிரகச் சிலையும் இவருடையதே. மனுஷர் யாரையும் சும்மா நிற்க விடமாட்டார் போலிருக்கிறது!

சென்னைக்கு வந்தால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்குங்கள். வாலாஜா சாலை கடற்கரையில் போய் முட்டுகிற இடத்தில் உழைப்பாளர் சிலை. முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். கால் ஊன்றியிருக்கும் அழுத்தம் அங்கிருந்துதான் தெரியும்.